மொடல் றெயில் கேள்வி பதில்: ஸ்கேல் வேறு, கேஜ் வேறு

அளவு பற்றி வந்த கேள்விகளுக்கெல்லாம் ஒரேயடியாகப் பதில் எழுதுகிறேன். விமானம், கப்பல் மொடல் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

தெகிவளையிலிருந்து: ஸ்கேலும் கேஜும் ஒன்றுதானே அண்ணை?

இல்லைத் தம்பி. நிஜத்தை எத்தனை மடங்கு சுருக்கினோம் என்பது ஸ்கேல். இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையிலுள்ள தூரம் கேஜ், அவ்வளவுதான். எச்ஓ (HO) என்ற ஸ்கேல் 1:87, அதாவது 20 மீட்டர் பெட்டி மேசையில் 23 சென்ரிமீட்டர் வரும். உலகத்தில் பாதிக்கு மேல் ஓடுகிற ஸ்டாண்டர்ட் கேஜ் 1435 மி.மீ., அதை 87ஆல் பிரித்தால் 16.5 மி.மீ. இதுவரை ஸ்கேலும் கேஜும் கைகோர்த்துப் போகும். குழப்பம் பிரித்தானியாவின் ஓஓ (OO) ஸ்கேலில்தான். அவர்களுடைய எஞ்சின்கள் மற்ற நாட்டு எஞ்சின்களைவிடச் சிறியவை, அந்தக் காலத்து மோட்டர் 1:87 உடம்புக்குள் அடங்கவில்லை, அதனால் உடம்பை மட்டும் 1:76.2க்குப் பெருப்பித்துவிட்டு தண்டவாளத்தைப் பழைய 16.5இலேயே விட்டுவிட்டார்கள். ஆள் பருத்தார், செருப்பு பழசுதான். கணக்குப் போட்டால் அந்தப் பாதை நிஜத்தில் சுமார் 1257 மி.மீ. ஆகிறது, இருக்க வேண்டியதைவிட ஏறக்குறைய 18 சென்ரிமீட்டர் ஒடுக்கம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: லண்டன் மாமா மகனுக்கு ஓஓ எஞ்சின் அனுப்பினார். வீட்டில் இருப்பது எச்ஓ பெட்டிகள். ஓடுமா?

ஓடும். கொளுக்கி பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். எஞ்சினுக்குப் பின்னால் பெட்டிகள் கொஞ்சம் குட்டையாகத் தெரியும். மகனுக்கு ஏழெட்டு வயதென்றால் ஒன்றும் சொல்லாமல் ஓட விடுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: ஃபிளாட்டில் இடமில்லை. அதைவிடச் சிறிய ‘என்’ (N) அளவு எடுக்கலாமா?

எடுக்கலாம். கேஜ் எல்லா நாட்டிலும் 9 மி.மீ.தான். ஸ்கேல்தான் மாறும்: ஐரோப்பா, அமெரிக்கா 1:160, ஜப்பான் பெரும்பாலும் 1:150, பிரித்தானியா 1:148. மூன்றையும் கலந்து வாங்காதீர்கள்.

அண்ணா அமெரிக்காவிலிருந்து ஒரு செட் கொண்டுவந்தார். பிளக்கை மாற்றினால் போதுமா?

போதாது! ட்ரான்ஸ்ஃபோமரின் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நமது 230 வோல்ட்டில் புகைதான் வரும். நானும் ஒன்றை எரித்தவன். எத்தனை தரம் சொன்னாலும் மாதம் ஒருவர் இதைச் செய்கிறார்.

எச்ஓ, ஓஓ இரண்டும் ஒன்றா?

முதல் பதிலைப் பாருங்கள்.

வத்தளையிலிருந்து: யாழ்ப்பாணம் போகும் யாழ்தேவி றெயிலைச் செய்ய ஆசை. கடையில் கிடைக்கும் 16.5 தண்டவாளம் சரிதானே?

இதற்குத்தான் காத்திருந்தேன். சரியில்லை. நமது அகலப் பாதை 5 அடி 6 அங்குலம், 1676 மி.மீ. எச்ஓவில் அது 19.3 மி.மீ. வர வேண்டும், 1:76இல் 22. அதைப் 16.5இல் ஏற்றினால் பக்கத்திலிருந்து ஒன்றும் தெரியாது, முன்னால் குனிந்து பார்த்தால் எம்2 டீசல் எஞ்சின் காலை ஒடுக்கிக்கொண்டு நிற்கும். கடுகண்ணாவை றெயில் மியூசியத்துக்குப் போய் தண்டவாளத்துக்கு நடுவில் நின்று பாருங்கள், விளங்கும்.

வெள்ளவத்தை ஐயா ஒருவர் குறுக்கே: நான் 40 வருசமாக 16.5இல் ஓட்டுகிறேன். ஒருநாளும் தடம் புரளவில்லை. யார் அளந்து பார்க்கிறார்கள்?

ஐயா, தடம் புரளாதது சில்லும் தண்டவாளமும் ஒத்துப்போகிறது என்பதற்குச் சாட்சி. ஸ்கேலுக்கு அது சாட்சி சொல்லாது. ஒரு வழி இருக்கிறது: 1:100இல் செய்யுங்கள். 1676ஐ 100ஆல் பிரித்தால் 16.8, கடைத் தண்டவாளம் ஏறக்குறையப் பொருந்தும். கட்டட மொடல் செய்பவர்கள் அந்த அளவில் ஆட்களும் மரங்களும் வாங்குகிறார்கள், அதையே எடுக்கலாம். எஞ்சினையும் பெட்டியையும்தான் நீங்களே வெட்டி ஒட்ட வேண்டும்.

அதே ஐயா: இந்த வயதில் வெட்டி ஒட்டச் சொல்கிறீரா? பொழுதுபோக்கா, சோதனையா?

சரி, அப்படியென்றால் களனிவெளிக் கோச்சி செய்யுங்கள். அகலப்படுத்துவதற்கு முன் அது 2 அடி 6 அங்குலப் பாதை, 762 மி.மீ. 87ஆல் பிரித்தால் 8.8. 9 மி.மீ. தண்டவாளம் கச்சிதம்! இன்று ஓடுகிற பாதைக்குக் கடையில் தண்டவாளம் இல்லை, தொண்ணூறுகளில் பிடுங்கிப்போட்ட பாதைக்கு இருக்கிறது. ஆனால் ‘என்’ (N) அளவுத் தண்டவாளத்தை வாங்காதீர்கள், அதில் சிலிப்பர் கட்டைகள் மிக நெருக்கம். குறுகிய பாதைக்கென்றே கட்டைகளைத் தள்ளித் தள்ளி வைத்தது தனியாக விற்கிறார்கள்.

16.5 என்றால் எச்ஓதானே?

இல்லை. முதல் பதில். முதல் பதில்.

கல்கிசையிலிருந்து: தண்டவாளம் துருப்பிடிக்கிறது.

கடற்காற்று. உங்களுடையது இரும்பு. நிக்கல் சில்வர் வாங்குங்கள், பெயரில் மட்டும்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். அதுவும் மங்கும், ஐசோபுரோபைல் அல்கஹோல் நனைத்த துணியால் துடைத்தால் சரி. மண்தாள் வேண்டாம், கீறலுக்குள் அழுக்குத் தங்கும்.

மகனின் 1:64 கார்களை எச்ஓ நிலையத்தில் நிறுத்தலாமா?

நிறுத்தலாம். கார் லொறி மாதிரித் தெரியும்.

வெள்ளவத்தை ஐயா மறுபடி: இவ்வளவு கதைக்கிறீர், நீர் 22 மி.மீ. பாதை போட்டிருக்கிறீரா?

போட்டிருக்கிறேன் ஐயா. கட்டை கட்டையாக ஒட்டி, 3 மாதத்தில் 2 அடி. வளைவு இன்னும் இல்லை. எஞ்சின் போகும், திரும்பி வரும்.