39 வயதில் டாக்டருக்குப் படிக்கலாமா? அமெரிக்க டி.ஓ. படிப்பு பற்றி ஒரு பதில்

கேள்வி: கோவையில் பி.இ. முடித்துவிட்டு மென்பொருள் துறைக்கு வந்தவள் நான். இப்போது நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். கிரீன் கார்டு வந்துவிட்டது. வயது 39, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். டாக்டராகும் ஆசை இன்னும் விடவில்லை. ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளில் என்னைப் போன்றவர்களுக்கும் இடம் கிடைக்கும் என்கிறார்கள். ஊரில் அப்பாவோ, "அது எலும்பு நீவிவிடுகிற படிப்பாமே" என்று கேட்கிறார். இறங்கலாமா?

பதில்: முதலில் அப்பாவுக்குப் பதில் சொல்லிவிடுவோம். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆஸ்டியோபத் என்பவர் தசைக்கும் மூட்டுக்கும் கைவழிச் சிகிச்சை தருபவர்; அவர் டாக்டர் அல்ல. அமெரிக்காவில் டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவ) பட்டம் பெற்றவர் முழு மருத்துவர். 50 மாநிலங்களிலும் எம்.டி.க்கு (அங்கே வழக்கமான மருத்துவப் பட்டம் அதுதான்) உள்ள அதே உரிமைகள் அவருக்கும் உண்டு: மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892-இல் மிசௌரியில் கர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் முதல் கல்லூரியைத் திறந்தபோது, அது அக்கால மருத்துவத்துக்கு எதிராகக் கிளம்பிய ஒன்றுதான். இன்று பாடத்திட்டம் ஏறத்தாழ எம்.டி. படிப்பேதான், கூடுதலாகச் சுமார் 200 மணி நேரம் கைவழிச் சிகிச்சை கற்க வேண்டும். படித்து முடித்தபின் அதை அன்றாடம் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. அதிலும் மண்டையோட்டு எலும்புகளைத் தொட்டுச் செய்யும் பகுதிக்கு அறிவியல் ஆதாரம் மிகவும் பலவீனமானது. தேர்வுக்காகப் படித்துத் தேறிவிடுங்கள். வெள்ளை மாளிகையில் டிரம்பின் மருத்துவராக இருந்த ஷான் கான்லியும், பைடனின் மருத்துவர் கெவின் ஓகானரும் டி.ஓ.க்கள்தான் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அதற்கு மேல் அவர் கேட்கமாட்டார்.

இனி உங்கள் கேள்வி. வயதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு அது முதல் கவலை இல்லை. டி.ஓ. கல்லூரிகள் வேறு தொழிலிலிருந்து வருகிறவர்களை நெடுங்காலமாகச் சேர்த்து வருகின்றன. உங்களை நிறுத்தக்கூடியவை மூன்று: விசா, பழைய படிப்பு, பணம். விசாத் தடையை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். எச்1பி-யில் இருந்துகொண்டு இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் பாதியிலேயே நின்றிருக்கும். பல கல்லூரிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கின்றன. அரசுக் கல்விக் கடனும் அப்படித்தான்.

பழைய படிப்புதான் பலரும் எதிர்பாராத இடத்தில் காலை வாருகிறது. உங்கள் பி.இ. அமெரிக்கப் பட்டத்துக்குச் சமம் என்று மதிப்பீட்டு நிறுவனம் எழுதிக் கொடுத்துவிடலாம். கல்லூரி கேட்பது வேறு: உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவை ஆய்வகத்தோடு, பெரும்பாலும் உயிர்வேதியியலும் வேண்டும். அவற்றை அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் படித்திருப்பதையே பல இடங்களில் எதிர்பார்க்கிறார்கள். முதலாண்டு பி.இ.யில் எழுதிய வேதியியல் இதற்கு உதவாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொது வேதியியல் முடிந்தால்தான் கரிம வேதியியல், அது முடிந்தால்தான் உயிர்வேதியியல். வேலையை விடாமல் மாலை வகுப்பாகப் படித்தால் இரண்டரை ஆண்டுகள் ஓடிவிடும். பிறகு எம்கேட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு. உட்கார்ந்து எழுதி முடிக்க ஏழரை மணி நேரம். விண்ணப்பத்துக்கு ஓராண்டு.

கணக்குப் போடுவோம். கல்லூரியில் நுழையும்போது 43. பட்டம் வாங்கும்போது 47. குடும்ப மருத்துவத்திலோ பொது மருத்துவத்திலோ ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி, 3 ஆண்டுகள்; 50 வயதில் தனித்துப் பணி தொடங்குவீர்கள். 15, 20 ஆண்டுகள் மருத்துவராக இருக்கலாம். அது ஒரு முழு வாழ்க்கைத் தொழில். மனநல மருத்துவமென்றால் ஓராண்டு கூடும். நரம்பியல் அறுவை சிகிச்சை 7 ஆண்டுகள், அதை மறந்துவிடுங்கள். 2020 முதல் எம்.டி., டி.ஓ. இருவருக்கும் ஒரே ரெசிடென்சி அமைப்புதான். ஆனாலும் தோல் மருத்துவம் போன்ற போட்டி மிகுந்த துறைகளில் டி.ஓ.க்களுக்குக் கதவு சற்று இறுக்கமாகவே திறக்கிறது. நீங்கள் கேட்கப்போவது குடும்ப மருத்துவம் என்றால் அதைப் பற்றிய கவலை வேண்டாம்.

பணத்தைப் பற்றிக் கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு முழுச் செலவையும் தந்துவந்த கிராஜுவேட் பிளஸ் கடன் இல்லை. அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் வரைதான். தனியார் டி.ஓ. கல்லூரிகள் பலவற்றில் கட்டணமே ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டுகிறது. மீதிக்குச் சேமிப்போ தனியார் கடனோதான் வழி. இதோடு நீங்கள் கைவிடப்போகும் சம்பளத்தையும் சேருங்கள். பெரிய செலவு அதுதான், ஆனால் யாரும் அதை எழுதிப் பார்ப்பதில்லை. வருமானத்துக்காக இந்த முடிவை எடுப்பதாக இருந்தால் வேண்டாம். 39 வயதில் அந்தக் கணக்கு தேறாது.

ஸ்டிராட்போர்டில் உள்ள ரோவன்-வெர்ச்சுவா ஓர் அரசு டி.ஓ. கல்லூரி. நியூ ஜெர்சிவாசிகளுக்குக் கட்டணம் குறைவு. உங்கள் பட்டியலில் முதலிடம் அதற்கு. பிலடெல்பியாவிலும் லாங் ஐலண்டிலும் டி.ஓ. கல்லூரிகள் உண்டு. எங்கே விண்ணப்பித்தாலும் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: மூன்றாம், நான்காம் ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி எங்கே? பல டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை இல்லை. மாணவர்களைப் பல ஊர்களுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். 22 வயதுக்காரருக்கு அது ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் வேலை. உங்களுக்கோ இரண்டு பிள்ளைகளின் பள்ளி, கணவரின் வேலை, வீட்டுக் கடன்.

வேலையை இப்போது விடாதீர்கள். அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் வரும் பருவத்துக்குப் பொது வேதியியல் முதல் பாடத்தை ஆய்வகத்தோடு பதிவு செய்யுங்கள். சமுதாயக் கல்லூரிப் பாடத்தை ஏற்பார்களா என்று விண்ணப்பிக்கப்போகும் கல்லூரியிடம் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். சனிக்கிழமைகளில் ஒரு டி.ஓ. மருத்துவரோடு அவருடைய மருத்துவமனையில் உடனிருந்து பாருங்கள். பல கல்லூரிகள் டி.ஓ. ஒருவரின் பரிந்துரைக் கடிதத்தை விரும்புகின்றன. காப்பீட்டுப் படிவங்களோடும் கணினியோடும் அவர் படும் பாட்டையும் கவனியுங்கள். அதையும் பார்த்த பிறகு ஆசை குறையவில்லையா என்று தெரிய வேண்டும்.

வேதியியல் மதிப்பெண் வந்ததும் எனக்கு எழுதுங்கள். ஏ வந்திருந்தால் அடுத்த ஈராண்டுக்கான பாட அட்டவணை போடுவோம். பி-க்குக் கீழே இறங்கியிருந்தால், மருத்துவரோடு சேர்ந்து நோயாளிகளைக் கவனிக்கும் ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் ஆவதற்கான, சுமார் 27 மாதங்களில் முடிகிற படிப்பைப் பற்றிப் பேசுவோம். அதற்கும் இதே வேதியியல் வேண்டும். எழுதிய பாடம் வீணாகாது.