தமிழ்ல அடிச்ச மனு ப்ரவுசிங் சென்டர்ல கிறுக்கலா வருது: பதில்

மனு அழியல, பயப்படாதீங்க. நீங்க வீட்ல அடிச்சது பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல, அந்தக் கடை சிஸ்டத்துல அந்த ஃபான்ட் இல்ல, அவ்ளோதான். வீட்லயே வேர்டுல சேவ் ஆஸ் போய் பிடிஎஃப்னு குடுத்து, அந்த ஃபைல பென்டிரைவ்ல கொண்டுபோங்க, எந்தக் கடையிலயும் அப்படியே பிரிண்ட் வரும்.

ஏன்னா பாமினி யூனிகோட் (எல்லா சிஸ்டத்துலயும் தமிழ் தமிழாவே தெரியற பொதுவான முறை) இல்ல, இங்கிலீஷ் எழுத்து மேல தமிழ் முகமூடி போட்ட மாதிரி. நீங்க அம்மான்னு அடிச்சா உள்ள இருக்கறது எம், கே, செமிகோலன், கே, எச். ஃபான்ட் இல்லாத இடத்துல முகமூடி கழண்டு அந்த அஞ்சும் பல்ல இளிக்கும்.

சந்தேகம்னா கடையில அந்த கிறுக்கல் மேல ஒரு கிளிக் பண்ணி மேல ஃபான்ட் பெட்டியப் பாருங்க, பாமினின்னே இருந்தா நான் சொன்னதுதான் விஷயம், வேற பேர் இருந்தா வீட்ல தமிழ் இருக்கற இடத்த மட்டும் செலக்ட் பண்ணி திரும்ப பாமினி மாத்தி, தமிழ் சரியா தெரியுதான்னு பாத்துட்டு அப்புறம் பிடிஎஃப் போடுங்க.

ஒண்ணு, பிடிஎஃப்ல கடையில போய் லேசுல திருத்த முடியாது, அதனால சர்வே நம்பர், வாய்க்கால் பேரு எல்லாம் வீட்லயே ஒருதடவ படிச்சிடுங்க. நான் இப்படித்தான் நெய்வாசல்ங்கற பேர நெல்வாசல்னு அடிச்சுட்டு, திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல மன்னார்குடிலேர்ந்து திருவாரூர் போய் வரிசைல நின்னப்பதான் பாத்தேன், பேனாவால அடிச்சுதான் குடுத்தேன்.

யூனிகோடுக்கு மாத்துற கன்வெர்ட்டர் இருக்கு, ஆனா நடுவுல இங்கிலீஷ் வார்த்தை இருந்தா அதையும் தமிழாக்கி கொதறிடும். அடுத்த மனுவ நேரா யூனிகோட்லயே அடிங்க.