கை எரிச்சலுக்குப் பின் மீண்டும் களமிறங்கலாமா?

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அமெரிக்கக் கால்பந்து ஆடும் என் மகன், எதிரணி வீரரைத் தடுக்க மோதியபோது, அவனது வலது கை முழுவதும் மின்சாரம் பாய்ந்ததுபோல் எரிந்து, சில நிமிடங்களில் சரியாகிவிட்டது. இந்தப் பருவத்தில் இது இரண்டாம் முறை. அவன் தொடர்ந்து ஆடலாமா?

பதில்: மருத்துவர் முழுமையாகப் பரிசோதிக்கும் வரை ஆட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஆட்டக்காரர்கள் 'ஸ்டிங்கர்' என்று சொல்லும் இந்தக் காயத்தில் பெரும்பாலும் பாதிக்கப்படுபவை, தோளை உயர்த்தவும் முழங்கையை மடக்கவும் உதவும் ஐந்தாம், ஆறாம் கழுத்து நரம்பு வேர்கள். தோள் கீழே அழுந்தித் தலை எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அவை இழுபடும். தலை பின்னோக்கி அதே பக்கம் சாய்ந்தால், முள்ளெலும்புகளுக்கு இடையே அவை வெளிவரும் துளை குறுகி நசுங்கும். கல்லூரி ஆட்டக்காரர்களிடம், குறிப்பாக இது மீண்டும் வரும்போது, இரண்டாவது வகையையே நான் முதலில் சந்தேகிப்பேன்; முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்கியிருக்கிறதா, துளை சுருங்கியிருக்கிறதா என்பதை அறிய எம்.ஆர்.ஐ. எடுப்பது நல்லது.

எரிச்சல் ஒரு கையோடு நின்றதா என்று மகனிடம் தெளிவாகக் கேளுங்கள். இரு கைகளிலோ கால்களிலோ மரத்துப்போதலோ பலவீனமோ இருந்திருந்தால், அதைத் தண்டுவடக் காயமாகவே கருத வேண்டும். களத்தில் அப்படி நேர்ந்தால் கழுத்தை அசைக்காமல் பாதுகாப்பது முதல் கடமை. தலைக்கவசத்தைக் கழற்றுவதைப் பயிற்சி பெற்றவர்களிடமே விட்டுவிட வேண்டும்.

தண்டுவடம் செல்லும் கால்வாய் குறுகலா என்பதை அறிய, எக்ஸ்ரேயில் கால்வாயின் அகலத்தை முள்ளெலும்பு உடலின் (அதன் தடித்த முன்பகுதியின்) அகலத்தோடு ஒப்பிட்டு, விகிதம் 0.8-க்குக் குறைந்தால் குறுகல் என்பார்கள். ஆனால் பருத்த உடல்வாகுள்ள ஆட்டக்காரர்களுக்கு எலும்பே பெரிதாக இருப்பதால், கால்வாய் போதிய அளவில் இருந்தும் விகிதம் குறைவாக வரக்கூடும்; அந்த எண்ணை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டாம். தண்டுவடத்தைச் சுற்றி, அங்கே போதிய இடம் இருப்பதைக் காட்டும் மூளைத்தண்டுவடத் திரவம் தெரிகிறதா என்று எம்.ஆர்.ஐ. காட்டுவதே முக்கியம்.

வலி நீங்கிய பிறகும் தோள் பலவீனம் சில நாட்கள் கழித்துத் தலைகாட்டலாம் என்பதால், பரிசோதனையை ஒரு வாரத்துக்குள் மீண்டும் செய்யச் சொல்லுங்கள். பலவீனம் நீடித்தால் ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பின் தசை மின்பதிவுச் சோதனை பயன் தரும். அதற்கு முன் செய்தால் நரம்புச் சேதம் பதிவாகாமல் போகலாம். கழுத்து எல்லாத் திசையிலும் வலியின்றித் திரும்பி, இரு கைகளின் வலுவும் சமமான பிறகே களமிறங்க வேண்டும்.

அவன் மோதும் முறையையும் பயிற்சியாளர் பார்க்க வேண்டும். தலையைச் சுமார் 30 பாகை குனித்தால் கழுத்தின் இயல்பான வளைவு நிமிர்ந்து, மோதலின் விசை முழுவதும் முள்ளெலும்புகள் மீது நேராக இறங்குகிறது. இதனால்தான் தலைக்கவசத்தை முன்னிறுத்தி மோதுவது அமெரிக்காவில் 1976-இல் தடைசெய்யப்பட்டது. அதன் பின் கழுத்துக்குக் கீழே செயலிழக்கச் செய்யும் காயங்கள் பெரிதும் குறைந்தன.