எழுபது கிலோவைத் தூக்குகிற பட்டை – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் காசிமேடு. டிப்ளமோ மெக்கானிக்கல் கடைசி வருடம். பக்கவாதம் வந்ததிலிருந்து என் சித்தப்பாவுக்கு வலது பாதம் தொங்குகிறது, நடந்தால் கட்டைவிரல் தரையில் தேய்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட் வேர்க்கிறது என்று கழற்றிப் போட்டுவிட்டார். கெண்டைக்காலுக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டை வைத்துச் செய்யலாம் என்று அதையே ப்ராஜெக்டாக எடுத்தேன். அவர் எடை 70 கிலோ. 15 செ.மீ. நீளப் பட்டையின் நுனியில் அதைக் கொடுத்து அன்சிஸில் (பொருள் எவ்வளவு வளையும், தாங்கும் என்று கணக்கிடும் கம்ப்யூட்டர் மென்பொருள்) ஓட்டினால் 6 மி.மீ. ஸ்டீல் வேண்டும் என்கிறது. அதை என்னாலேயே வளைக்க முடியாது. கம்ப்யூட்டரை நம்பலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாராளமாக நம்பலாம். 70 கிலோவைத் தாங்க என்ன கனம் வேண்டும் என்று கேட்டீர்கள், கணக்காகச் சொல்லிவிட்டது. ஆனால் சித்தப்பாவின் எடையை இந்தப் பட்டை எதற்குத் தாங்க வேண்டும்? அதைத் தாங்க அவர் எலும்பு இருக்கிறது. கால் தரையை விட்டு எழும்பி முன்னால் வருகிற அந்த அரை நொடி பாதம் தொங்காமல் பிடித்திருப்பதுதான் பட்டையின் வேலை.

பாதத்தின் எடை உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்குள். உங்கள் சித்தப்பாவுக்கு ஒரு கிலோ என்று வையுங்கள். அதன் எடை மையம் கணுக்காலிலிருந்து ஐந்தாறு செ.மீ. முன்னால். ஆக, தேவைப்படும் திருப்பு விசை 0.6 நியூட்டன் மீட்டர், செருப்பையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். நீங்கள் கொடுத்ததோ நூறுக்கும் மேல்!

இன்னொரு வினோதம் இருக்கிறது. ஊன்றிய காலின் மேல் உடம்பு முன்னால் போகும்போது கணுக்கால் பத்துப் பதினைந்து பாகை மடங்கும். பட்டையும் அதே அளவு வளைந்தாக வேண்டும், வேறு வழியில்லை. ஒரே வளைவுக்குக் கனமான பட்டையின் மேற்பரப்பு மெல்லியதைவிட அதிகம் இழுபடும். அதாவது உங்கள் 6 மி.மீ. பட்டைதான் முதலில் ஒடியும். லாரிக்கு ஒரே தடிப் பட்டையாகப் போடாமல் மெல்லிய பட்டைகளை அடுக்குவது இதனால்தான். வளைந்து கொடுக்கவும் வேண்டும், ஒடியவும் கூடாது.

அதனால் நுனியில் விசையைக் கொடுக்காமல், வளைவைக் கொடுத்து ஓட்டுங்கள். 'லார்ஜ் டிஃப்ளெக்‌ஷன்' என்கிற, பெரிய வளைவுக்கான அமைப்பு ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் ஆஃபிலேயே கிடக்கும், பெரிய வளைவுக்கு விடை தப்பாக வரும். விறைப்பு கனத்தின் மும்மடியில் (கனம் × கனம் × கனம்) ஏறுவதால் 2 மி.மீ. என்று வாங்கியது 2.2 இருந்தால் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஆகவே பட்டையை வெர்னியரில் அளந்து அந்த எண்ணையே கொடுங்கள். மாடலில் மேல்முனையை அசையாமல் பூட்டியிருப்பீர்கள். நிஜத்தில் அங்கே வெல்க்ரோவும் வேர்த்த சதையும்தான், பட்டை வழுக்கும். முதலில் ஒர்க்‌ஷாப் வைஸில் மாட்டி எடைக்கல் தொங்கவிட்டு வளைவை அளந்து மாடலோடு ஒத்துப்பாருங்கள். ஒத்துப்போன பிறகு காலுக்குப் போகலாம்.

ஸ்டீல் வேண்டாம் என்பது என் கட்சி. காசிமேட்டு உப்புக்காற்றில் துரு அரித்த இடத்திலேதான் விரிசல் தொடங்கும். கண்ணாடி இழைப் பட்டை போடுங்கள், நடுவில் ரிவெட் துளை மட்டும் போட்டுவிடாதீர்கள். ஒரு நாளைக்கு 5000 காலடி நடந்தால் அந்த ஒரு கால் 2500 தடவை, வருடத்துக்கு ஒன்பது லட்சம் தடவை அதை மடக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் சித்தப்பாவைக் கூட்டிப்போய், கெண்டைத் தசையில் இறுக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கவாதத்துக்குப் பின் அது அடிக்கடி வரும். இருந்தால் நான் சொன்ன 0.6 போதாது, பல மடங்கு தேவைப்படலாம். அவர்கள் சொல்வதை எனக்கு எழுதுங்கள், கனத்தை அப்புறம் பார்க்கலாம்.