சி.டி. நார்மல் என்றாலும் முதுகில் நீர் எடுக்கச் சம்மதியுங்கள்

அப்பாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், இன்று உங்களையே யாரென்று கேட்கிறார், தலை சி.டி. ஸ்கேன் நார்மல், ஆனாலும் மூளை அழற்சியா (மூளையில் வீக்கமா) என்று பார்க்க முதுகுத்தண்டு நீர் எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர், முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடுமோ என்று பயப்படுகிறீர்கள். பயம் புரிகிறது. ஆனால் தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி போகும். பிறகு தலைவலி வரலாம், பெரிய சிக்கல்கள் அரிது.

மூளை அழற்சியில் தொடக்கத்தில் சி.டி. நார்மலாகவே வரலாம், எம்.ஆர்.ஐ. இன்னும் தெளிவாகக் காட்டும். காரணம் ஹெர்பிஸ் வைரஸா, உடலின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்குகிறதா என்று அறிய அந்த நீர் வேண்டும். முதல் சில நாட்களில், அந்த நீரில் வைரஸைத் தேடும் ஹெர்பிஸ் பி.சி.ஆர். சோதனை தவறாக நெகட்டிவ் காட்டுவதும் உண்டு. சந்தேகம் இருந்தால் திரும்ப எடுப்பார்கள்.

அப்புறம், ஹெர்பிஸ் வைரஸுக்கான மருந்தான அசைக்ளோவிர் ஊசி தொடங்கியாயிற்றா என்று இப்போதே டாக்டரிடம் கேளுங்கள். அதைத் தொடங்க, சோதனை முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது.