அடகுக் கடிதம் என்று ஒரு கடன்பத்திரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். 'ஃபாண்ட்பிரீஃப்' என்ற சொல் தினமும் மேசைக்கு வருகிறது. 'ஃபாண்ட்' தெரியும்: காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும் 25 சென்ட். 'பிரீஃப்' என்றால் கடிதம். கோடிக்கணக்கில் புரளும் கடன்பத்திரத்துக்கு அடகுக் கடிதம் என்று யார் பெயர் வைத்தார்கள்? தமிழில் எப்படி எழுதுவது?

– க.

அன்புள்ள க.,

பாட்டில் காசும் வங்கிப் பத்திரமும் ஒரே ஃபாண்ட்தான். இரண்டிலும் அந்தச் சொல்லின் அர்த்தம் ஈடு. குழப்புவது பிரீஃப்.

லத்தீனில் 'பிரெவிஸ்' என்றால் குறுகியது. சுருக்கமாக எழுதிய ஆணைக்கும் சாசனத்துக்கும் அதிலிருந்து பெயர் வந்து, ஜெர்மனில் பிரீஃப் ஆயிற்று. முதலில் அது முத்திரையிட்ட ஆவணம். நலம் விசாரிக்கும் கடிதம் பிறகு வந்தது. சத்தியம் செய்யாத குறையாக உறுதி சொல்பவர் இன்றும் 'பிரீஃப் உண்ட் ஸீகல்', அதாவது பத்திரமும் முத்திரையும், தருவதாகத்தான் சொல்கிறார். உங்கள் வங்கியின் விலைத் திரையிலேயே பாருங்கள்: விற்பவர் கேட்கும் விலை 'பிரீஃப்', வாங்குபவர் தரும் விலை 'கெல்ட்', பணம். நமக்கும் இது புதிதில்லை. சுந்தரரின் மணப்பந்தலில் கிழவர் நீட்டிய அடிமைச் சாசனமும் ஓலை, ஊருக்கு அனுப்பிய சேதியும் ஓலை.

பெயரை யாரும் புதிதாக வைக்கவில்லை. அடகு ஆவணம் என்ற பொருளில் இடைக்காலத்திலேயே இருந்த சொல் அது. இன்றைய பொருள் ஏறியது அன்று பிரஷ்யாவின் ஆட்சியில் இருந்த சிலேசியாவில். ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது அங்கே பண்ணைகள் நாசமாகியிருந்தன. பிரபுக்களுக்குக் கடன் பிறக்கவில்லை. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் 1769இல் ஆணையிட்டு அவர்களை 'லாண்ட்ஷாஃப்ட்' என்ற சங்கமாகக் கட்டினார். பண்ணையை ஈடாக வைத்துச் சங்கத்தின் வழியே வெளியிட்ட கடன்பத்திரம்தான் ஃபாண்ட்பிரீஃப். ஈடாக நின்ற பண்ணையின் பெயர் பத்திரத்திலேயே இருக்கும். பண்ணையார் தவறினால் சங்கம் முழுவதும் பொறுப்பு, கடனே வாங்காத பண்ணைகள் உட்பட! அவர்கள் எத்தனை முணுமுணுத்திருப்பார்களோ. ஆனால் அந்தக் கட்டாயம்தான் காகிதத்துக்கு மதிப்புத் தந்தது. நிலத்தைக் கண்ணால் பார்க்காத நகரத்து வணிகரும் அதை வாங்கினார், கைமாற்றி விற்றார். ஆகவே சொல்லின் உயிர் பின்பாதியான பிரீஃபில்தான் என்பேன்.

பண்ணைப் பெயர் இப்போது இல்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி ஈடுகள் தனிப் பதிவேட்டில் ஏறுகின்றன. வங்கி திவாலானால் அவற்றின் மீது முதல் உரிமை பத்திரதாரர்களுக்கு. வீடு, நிலம் மட்டுமல்ல, அரசுக்குக் கொடுத்த கடன், கப்பல், விமானம் மீதான கடன்களும் ஈடாகலாம். அதனால் 'அடமானப் பத்திரம்' போதாது. 'ஈட்டுப் பத்திரம்' என்று எழுதுங்கள்.