எந்த உலகம்?

கேள்வி: ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதியதால்தான் ஆப்பிரிக்க எழுத்தாளர்களை உலகம் அறிந்தது. அவர்களைத் தாய்மொழிக்குத் திரும்பச் சொன்ன கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ, அவர்களைக் கிணற்றுத் தவளைகளாக்கப் பார்த்தார் என்று சொல்லலாம் அல்லவா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: சொல்லக் கூடாது. கூகியின் வாழ்க்கையில் 1977-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்த ஆண்டு ‘பெட்டல்ஸ் ஆஃப் பிளட்’ என்ற அவருடைய ஆங்கில நாவல் வெளிவந்தது. விடுதலை பெற்ற கென்யாவின் நிலமும் பணமும் யார் கைக்குப் போயின என்று கடுமையாகக் கேட்கும் நாவல் அது. அமைச்சராக இருந்த முவாய் கிபாகியே வெளியீட்டு விழாவுக்கு வந்தார். அதே ஆண்டு, கூகி வா மீரி என்ற இன்னொரு எழுத்தாளருடன் சேர்ந்து, தன் தாய்மொழியான கிக்குயுவில் ‘ங்காஹிகா ந்தேந்தா’ என்ற நாடகத்தை எழுதினார். ‘விரும்பும்போது மணந்துகொள்வேன்’ என்று பொருள். நாடகம் கேட்ட கேள்வியும் கிட்டத்தட்ட நாவல் கேட்டதேதான். அக்டோபரில் மேடையேறிய நாடகத்துக்கு நவம்பரில் அனுமதி ரத்தானது. டிசம்பர் கடைசியில் கூகியைக் கைது செய்தார்கள். விசாரணையே இல்லாமல் சுமார் ஓராண்டு காமிதி சிறையில் இருந்தார்.

ஆங்கில நாவலுக்கு அசையாத அரசு, கிக்குயு நாடகத்துக்கு ஏன் பயந்தது? கென்யாவின் லிமுரு நகரை ஒட்டிய கமிரீத்து கிராமத்தில் அதை நடித்தவர்கள் விவசாயிகளும் தொழிலாளிகளும். இரண்டாயிரம் பேர் உட்காரும் திறந்தவெளி அரங்கை ஊர்க்காரர்களே கட்டினார்கள். ஒத்திகையும் ஊர் பார்க்கத்தான் நடந்தது. “கிழவர் இப்படிப் பேச மாட்டார், அந்தப் பாட்டு இப்படி வராது” என்று பார்த்தவர்கள் திருத்தினார்கள், எழுதியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கதையின் நாயகனுக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர் நிலம். பணக்காரர் பேச்சைக் கேட்டு, தேவாலயத்தில் முறைப்படி கல்யாணம் செய்ய அதை அடகு வைத்துக் கடன் வாங்கி, கடைசியில் இழக்கிறான். பார்க்க வந்தவர்களுக்கு இது அவர்கள் வீட்டுக் கதை.

‘உலகம் அறிந்தது’ என்கிறீர்களே, எந்த உலகம்? 1962 ஜூனில் உகாண்டாவின் மக்கெரெரே கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர்களின் மாநாடு நடந்தது. இரண்டு மூன்று ஆங்கிலச் சிறுகதை எழுதியிருந்த மாணவர் கூகிக்கு அதில் இடம் கிடைத்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியின் பெருங்கவிஞர் ஷாபான் ராபர்ட்டுக்கு இடமில்லை. அதே மாதம் அவர் காலமானார். இதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை. கூகியின் பள்ளியில் கிக்குயு பேசி மாட்டிக்கொண்ட பிள்ளைக்குப் பிரம்படி விழும்; ‘நான் முட்டாள்’ என்று எழுதிய தகட்டைக் கழுத்தில் மாட்டுவார்கள். எது இலக்கியம், எது இல்லை என்பதைப் பிள்ளைகள் அங்கேயே கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

சரி, ஆங்கிலத்தில் எழுதிய நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபே? அவரை நான் குறைத்துச் சொல்லவில்லை. தன் தாய்மொழியான இக்போவின் பழமொழியையும் பேச்சின் நடையையும் ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்து அதை வளைத்தவர். ஆனால் ஆப்பிரிக்க நாவல் அவரோடு, அவருடைய ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ வந்த 1958-இல் தொடங்கவில்லை. தாமஸ் மொஃபோலோ, தென் ஆப்பிரிக்கப் பகுதியின் செசோத்தோ மொழியில் எழுதிய ‘சாக்கா’ நாவல் 1925-இலேயே அச்சேறி, அப்புறம் மொழிபெயர்ப்பாக வெளியே போனது.

கூகிக்கும் அப்படித்தான் நடந்தது. சிறையில் கழிப்பறைக் காகிதத்தில் கிக்குயு நாவல் ஒன்றை எழுதினார். 1980-இல் அது வெளிவந்ததும் படிக்கத் தெரிந்தவர்கள் வீட்டிலும் பேருந்திலும் மதுக்கடையிலும் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். மதுக்கடையில் வாசிப்பவரின் கோப்பை காலியானால் புத்தகம் மேசைக்குப் போய்விடும். கேட்பவர்கள் இன்னொரு கோப்பை வாங்கித் தந்த பிறகே கதை நகரும். உலகத்துக்கு அந்த நாவல் 1982-இல்தான் போனது. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் கூகியே.